மூவார் ஆற்றுமுகத்தில் வேன் பேட்டரி இறங்கியது பற்றி

பெயர் பேச்சியம்மாள் த/பெ லெட்சுமணன். வயது அறுபத்திரண்டு. முன்பு பள்ளி வேன் ஓட்டினேன், இப்போது வீட்டில் இருக்கிறேன். முகவரி, பாலோ பட்டணத்துக்கு வெளியே செம்பனைத் தோட்டச் சாலை வீடு, குளுவாங் மாவட்டம், ஜொகூர். எனக்கு மலாய் நன்றாகப் பேச வரும். இருந்தாலும் இந்த விஷயத்தைத் தமிழில் சொன்னால்தான் சரியாகச் சொல்ல முடியும் என்று நான் கேட்டுக்கொண்டதால், மூவார் போலீஸ் பாலாயில் கோப்பரல் மூர்த்தி நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என்னை யாரும் மிரட்டவில்லை. தேநீர் கொடுத்தார்கள், அதில் சர்க்கரை அதிகம்.

கடந்த வெள்ளிக்கிழமை மதியம் மூவார் ஆற்றுமுகத்தில் எங்கள் வேனுக்குள் என் கணவர் வீரமுத்து இறந்தார். சாயங்காலம் வந்து சேர்ந்த என் மகன் திருச்செல்வம், வேன் பேட்டரி இறங்கி, அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷின் நின்றுபோய் இருப்பதைப் பார்த்துவிட்டு, நான் அசந்து தூங்கியதால்தான் அவர் மூச்சில்லாமல் போய்விட்டார் என்று புகார் கொடுத்திருக்கிறான். மெஷின் நின்றதால் அவர் போகவில்லை. அவர் போன பிறகுதான் மெஷின் நின்றது. எது முதலில், எது பின்னால் என்பதை என் மகன் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

என் கணவர் லாரி ஓட்டியவர். முதலில் செம்பனைக் குலை ஏற்றினார், அதன் பிறகு மூவாரிலிருந்து துறைமுகத்துக்கு நாற்காலி மேசை ஏற்றினார். நுரையீரல் இறுகிப்போகும் நோய் வந்தபின், மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே இருக்க வேண்டியதாயிற்று. மெஷின் நிற்கக்கூடாது என்பது ஒன்றுதான் வீட்டில் சட்டம். அவர் படுத்திருந்த அறையின் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்திருக்கும். அந்தச் சுவரில் ஒரு பல்லி வரும், அதற்கு என் பெயரை வைத்திருந்தார். பேச்சி இன்னைக்கு வாலை விட்டுட்டுப் போயிட்டா என்று எனக்கே கேட்கும்படி சொல்லுவார். கோப்பரல் இது தேவையா என்று கேட்டார், எழுதுங்கள் என்றேன்.

இனி ஆஸ்பத்திரியில் செய்ய அதிகமில்லை என்று டாக்டர் சொன்ன நாளில், இந்த மெஷினுக்கு வீட்டுக் கரண்டுதான் வேணுமா, வேற கரண்டு ஆகாதா என்று அவர் கேட்டார். எந்தக் கரண்டாக இருந்தாலும் போதும் என்று டாக்டர் சொன்னார்.  வீட்டு வாசலில் வந்து இறங்கும்போது என் பழைய பள்ளி வேனைப் பார்த்துவிட்டு, இதில் படுத்துக்கொண்டு மூவார் ஆறு கடலில் விழும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். லாரி ஓட்டிய காலத்தில் எத்தனையோ தடவை அந்தப் பாலத்தைத் தாண்டியவர், நின்று பார்க்க நேரமில்லாமலே போய்விட்டது என்றார். எனக்கு உடனே சரி என்று தோன்றியது. அவர் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே போவதை நான் விரும்பவில்லை.

என் மகனுக்கு இதில் விருப்பமில்லை. அவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், விடுமுறைக்கு வருவான். வழியில் மெஷின் நின்றால் என்ன செய்வீர்கள் என்று போனில் கேட்டான். நியாயமான கேள்விதான். அந்தப் பயத்தை நானும் சேர்த்துக்கொண்டுதான் குளுவாங்கில் குணாளன் கடைக்குப் போனேன். அவர் வேன்களில் படுக்கை, விளக்கு, சோலார் எல்லாம் போட்டுக் கொடுப்பவர். சீட்டுகளை எடுத்துவிட்டு நீளவாக்கில் கட்டில் போட்டார், கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் இரண்டு பேட்டரி, மெஷினுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர். நல்ல வெயில் இருந்தால் பகல் முழுதும் ஓடும், வெயில் இல்லாவிட்டால் அரை நாள்கூடத் தாங்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அதன் பிறகு பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டரைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம். இதில்தான் எனக்கும் என் மகனுக்கும் முதல் மனத்தாங்கல் வந்தது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குணாளன் முதலில் சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகும் ஒரு சின்ன மீட்டரைக் காட்டினார். சிவப்பு எண், வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒன்றுமே தெரியவில்லை. அதோடு அது வோல்ட்டை மட்டும்தான் காட்டும்.

"வோல்ட்டு மட்டும் பாத்தா ஏமாந்துருவீங்கக்கா. மெஷின் ஓடுறப்ப கீழ இறங்கும், நிறுத்துனா தானா ஏறும். உள்ள எவ்வளவு வருது, வெளிய எவ்வளவு போகுதுன்னு சேத்துப் பாக்குறதுதான் நம்பலாம்" என்று குணாளன் சொன்னார்.

என் மகன் போனில் பார்க்கும் வகையைத்தான் வாங்கச் சொன்னான். அதில் திரையே கிடையாது, எல்லாம் கைப்பேசியில் வரும். நேற்று எவ்வளவு, முந்தாநாள் எவ்வளவு என்று கோடு போட்டு வைத்துக்கொள்ளும் என்றான். நீ சிங்கப்பூரிலிருந்தே பார்க்கலாமா என்று கேட்டேன், பார்க்க முடியாது, வேனுக்குள் இருந்தால்தான் தெரியும் என்றான். என் கைப்பேசி தூங்கும் ஜாதி. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து வெடித்த என் விரல்ரேகையை அது மதிப்பதே இல்லை. அவசரத்தில் அதை எழுப்பிக் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்ப்பதற்குள் மனுஷன் என்ன ஆவார் என்று கேட்டேன். அவன் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டான்.

குணாளன் மூன்றாவதாக ஒன்றை எடுத்து வந்தார். பேட்டரி ஒயரில் ஒரு கட்டையை வைத்துப் போகிறதையும் வருகிறதையும் அளந்து, உள்ளங்கை அளவுத் திரையில் காட்டுவது. கறுப்பில் வெள்ளை எண், நூற்றுக்கு எத்தனை என்று பெரிதாக இருக்கும், கீழே வோல்ட் சின்னதாக, ஓரத்தில் ஒரு பட்டை ஏறி இறங்கும். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடை பெஞ்சில் மல்லாந்து படுத்தேன். குணாளனை அதைப் பிடித்துக்கொண்டு தள்ளித் தள்ளி நிற்கச் சொன்னேன். வாசலில் நிறுத்தியிருந்த வேனிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்து, அலமாக், பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு பாக்கலடி என்றார். அதன் பிறகு அவரையும் படுக்க வைத்துப் பார்க்கச் சொன்னேன். எழுத்துத் தெரியவில்லை, எண் தெரிகிறது என்றார். அதையே வாங்கினேன். அதில் நேற்றைய கணக்கு கிடையாது, இந்த நிமிஷம் எவ்வளவு என்பதை மட்டும்தான் காட்டும். எனக்கு அது போதும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மீட்டரைக் கட்டிலின் கால்மாட்டுக்கு மேலே மாட்டினார்கள், இரண்டு பேருக்கும் தெரியும்படி. பட்டையின் பாதியில் நான் ஒரு ஒட்டுப்பொட்டை எடுத்து ஒட்டினேன். பொட்டுக்குக் கீழே இறங்கினால் எஞ்சினைப் போடுவது, அல்லது கரண்டு உள்ள இடத்துக்குப் போவது என்று எங்களுக்குள் பேச்சு. மாற்றுக்கு ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டரும் கட்டில் பக்கத்தில் கட்டி வைத்தோம். வேனுக்குள் தீப்பெட்டி, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் இருக்கக்கூடாது, ஆக்ஸிஜன் இருக்கிற இடத்தில் ஒரு பொறி பட்டால் தீர்ந்தது என்று குணாளன் என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் பாலோவிலிருந்து கிளம்பினோம். செம்பனைக் காட்டில் பனி இறங்கி மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. சாலை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வேன் ஓடுகிறதா மிதக்கிறதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பின்னாலிருந்து மெஷின் மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் படுத்தபடியே வரப்போகும் ஊர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார், யோங் பெங், பாரிட் சூலோங் என்று. சில ஊர்களை வருவதற்கு முன்பே சொன்னார், சில ஊர்களைத் தாண்டிய பிறகு சொன்னார். தூக்கத்திலும் விழிப்பிலும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

நடுநடுவே, "பேச்சி, எவ்வளவு இருக்கு?" என்று கேட்பார். நான் வேனின் பின்பார்வைக் கண்ணாடியில் திரையைப் பார்த்து எண்ணைச் சொல்வேன். அவருக்கே தெரியும், இருந்தாலும் என் வாயால் கேட்க வேண்டும். நான் எண்பத்தெட்டு என்றால், எண்பத்தெட்டு என்று திருப்பிச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

அன்றிரவு மூவாரில் ஒரு சின்னத் தங்கும் விடுதியின் பின்புறம் வேனை நிறுத்தி, முதலாளியிடம் கேட்டு ஒயர் இழுத்துப் பேட்டரியை நிரப்பிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை காலை திரையில் நூறு இருந்தது. ஆற்றுமுகத்தில் மரங்கள் இருக்கும் பக்கத்தை விட்டு வெட்டவெளியில், பின்கதவு தண்ணீரைப் பார்க்கும்படி நிறுத்திக் கதவை விரியத் திறந்து வைத்தேன். ஆற்றுத் தண்ணீரும் கடலும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. மீன் படகுகள் அதில் எங்கே மிதக்கின்றன, எங்கே பறக்கின்றன என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் பார்த்தார், தூங்கினார், மறுபடியும் பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படிச் சொன்னால் தப்பாக நினைப்பார்களோ என்று தெரியவில்லை, ஆனால் அந்தக் காலை எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

மதியம் கஞ்சி கொடுத்தேன், இரண்டு வாய் குடித்தார். அதன் பிறகு அவர் காலடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கலாம் போன்ற மதியம் அது. ஆனால் நான் தூங்கவில்லை. அவர் எவ்வளவு இருக்கு என்று கேட்டார். தொண்ணூற்றொன்று என்றேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். கண் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது, நெஞ்சு எழும்பவில்லை. மூக்கில் குழாய் சரியாக இருந்தது, என் புறங்கையை வைத்துப் பார்த்தேன், குழாயிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் தொண்ணூற்றொன்று நின்றது. கையைப் பிடித்தேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நாற்பது வருஷத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான்.

அதன் பிறகு என் மகனுக்குப் போன் செய்தேன். அவன் அழுதான். பிறகு, "அம்மா, எதையும் தொடாதீங்க, எதையும் நிறுத்தாதீங்க. நான் வந்துகிட்டே இருக்கேன்" என்றான். அப்படியே செய்வதாகச் சொன்னேன். அதனால்தான் யாரையும் கூப்பிடவில்லை. மெஷினை நிறுத்தவும் எனக்குக் கை வரவில்லை. வீட்டில் இத்தனை நாள் அது நிற்கக்கூடாது என்றே இருந்துவிட்டேன். இதை என் மகன் மேல் குறையாகச் சொல்லவில்லை, அவன் பதறிப்போய் இருந்தான்.

அடுத்து நான் செய்ததைக் கோப்பரல் இரண்டு தடவை கேட்டு எழுதுகிறார். எங்கள் வழக்கத்தில் இறந்தவரின் தலை தெற்கே இருக்க வேண்டும், தலைமாட்டில் விளக்கு எரிய வேண்டும், எடுக்கும்வரை அது அணையக்கூடாது. கடல் மேற்கே இருந்ததால் வேனின் முன்பக்கம் கிழக்கே பார்த்து நின்றது, அவர் தலையும் கிழக்கே இருந்தது. கட்டில் குறுகல், அவரைத் தனியாக என்னால் திருப்ப முடியாது. எனவே வேனைத் திருப்பினேன். பின்கதவைச் சாத்தி, அவரைப் போர்வையால் கட்டிலோடு கட்டிவிட்டு, பிள்ளைகளை ஏற்றிப்போன நாள்களில்கூட ஓட்டாத அளவு மெதுவாக ஓட்டி, முன்பக்கம் தெற்கே பார்க்கும்படி நிறுத்தினேன். அப்படி நிறுத்த மரங்களின் ஓரத்தில்தான் இடம் இருந்தது. எஞ்சினை நிறுத்தினேன். வலப்பக்க ஜன்னல் வழியே அவருக்குக் கடல் தெரிந்தது.

விளக்கேற்ற நெருப்பு இல்லை, சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். இருந்திருந்தாலும் மெஷின் ஓடும்போது ஏற்றியிருக்க மாட்டேன். அதனால் அவர் தலைமாட்டில் இருந்த படிக்கும் விளக்கைப் போட்டேன். ஒன்று போதாது போல இருந்தது, வேனுக்குள் இருந்த எல்லா விளக்கையும் போட்டேன். பகலில் அத்தனை விளக்கு எரிந்தபோது வேன் உள்ளே ஏதோ கல்யாண வீடு மாதிரி இருந்தது. அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அதன் பிறகு நான் திரையைப் பார்க்கவே இல்லை. எவ்வளவு இருக்கு என்று கேட்க ஆள் இல்லை.

கூரைத் தகடு மர நிழலில் இருந்ததும், பின்னேரம் மழை மூடியதும், மெஷினும் விளக்குகளும் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்ததும் எனக்கு அப்போது தோன்றவில்லை. மழை கூரையில் கொட்டியது, ஜன்னலில் கடல் அழிந்துபோனது. இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் கூவிவிட்டு நின்றது. மெஷினும் நின்றது. அவ்வளவு நாளும் ஓடிய சத்தம் ஓய்ந்ததும்தான் அவர் போய்விட்டார் என்று எனக்கு உறைத்தது, அப்போதுதான் அழுதேன். தலைமாட்டு விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லைச் சோதனை தாண்டி என் மகன் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவன் முதலில் அப்பாவைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தான். பட்டை பொட்டுக்கு வெகு கீழே இறங்கி, எண் சிவந்து மின்னிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவன் போலீஸுக்குப் படம் பிடித்துக் கொடுத்திருக்கிறான்.

"அம்மா, மொதல்ல போனது அப்பாவா, பேட்டரியா?" என்று கேட்டான். அப்பா என்றேன். அவன் நம்பவில்லை. நீங்கள் தூங்கிவிட்டீர்கள், அது உங்களுக்கே தெரியாது என்றான். போனில் பார்க்கும் மீட்டரை வாங்கியிருந்தால் மணி வாரியாக எல்லாம் பதிவாகியிருக்கும், உங்கள் பிடிவாதத்தால் இப்போது உங்கள் பேச்சைத் தவிர வேறு சாட்சி இல்லை என்றான். அது உண்மை. நான் வாங்கிய மீட்டர் அந்தந்த நிமிஷத்தை மட்டும் காட்டுவது, மதியத்தை அது வைத்துக்கொள்ளவில்லை. சிலிண்டர் திறக்கப்படாமல் முழுதாக இருந்தது என்று போலீஸார் எழுதியிருக்கிறார்கள். அவர் இருந்தபோதே பேட்டரி இறங்கியிருந்தால் அதைத் திறந்திருப்பேன் என்று நான் சொன்னால், தூங்கியவர் எப்படித் திறப்பார் என்று அவன் கேட்கிறான். 

என்மேல் வழக்கு வந்தால் வரட்டும். ஆனால் அப்பா மூச்சுக்குத் தவித்துச் செத்தார் என்று என் மகன் வாழ்நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பான், அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் தவிக்கவில்லை. காற்று வந்துகொண்டிருந்தபோதே, கடலைப் பார்த்துக்கொண்டே போனார். இதை அவனுக்குப் படித்துக் காட்டும்படி கோப்பரலைக் கேட்டுக்கொண்டேன், காட்டுகிறேன் என்றார்.

அவனுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொண்ணூற்றொன்று என்று நான் இரண்டாவது தடவை சொன்னபோது, அந்த எண் இறங்காதா என்று திரையையே பார்த்தேன். இறங்கினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். எஞ்சினைப் போட்டிருப்பேன், சிலிண்டரைத் திறந்திருப்பேன், விடுதிக்கு ஓட்டிப்போய் ஒயரை மாட்டியிருப்பேன். எல்லாம் கற்று வைத்திருந்தேன். அது இறங்கவே இல்லை. எல்லாம் நன்றாக இருந்தது, நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

இதுவரை சொன்னதைக் கோப்பரல் மூர்த்தி எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே எழுதியிருக்கிறார். நானாகச் சேர்த்ததும் மறைத்ததும் இதில் எதுவும் இல்லை. என் அறிவுக்கு எட்டியவரை இதில் உள்ளதெல்லாம் நடந்ததே என்று உறுதி கூறி, என் கைப்படக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பேச்சியம்மாள் த/பெ லெட்சுமணன்
மூவார்